நாகைக் கரையில் ஒரு கொலைக்கதை எழுதுவது எப்படி?

அமெரிக்கப் பத்திரிகையாளர் டோனி ஹில்லர்மேன் 1970-இல் தம் முதல் நாவலை வெளியிட்டார். அதில் துப்பறிபவர் ஜோ லீப்ஹார்ன், நவாஹோ பழங்குடியினரின் சொந்தக் காவல்துறையில் அதிகாரி. பத்தாண்டு கழித்து ஜிம் சீ என்ற இளைய காவலரும் வந்து சேர்ந்தார். இந்தக் கதைகளில் குற்றவாளி பெரும்பாலும் கைரேகையால் மாட்டுவதில்லை. அந்த மண்ணின் வழக்கத்துக்குப் பொருந்தாத ஏதோ ஒன்று அவனைக் காட்டிக்கொடுக்கும்.

இப்படியொரு நாவல் நாகப்பட்டினத்துக்கு வேண்டும். டெல்டாவுக்குத் துப்பறியும் கதை புதிதல்ல. மன்னார்குடி பக்கத்து வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்கார் ‘கும்பகோணம் வக்கீல்’ எழுதித் திகம்பர சாமியார் என்னும் துப்பறிபவரை உலவவிட்டவர். கரைதான் இன்னும் காத்திருக்கிறது. எழுத முன்வருபவருக்கு நான் சொல்லும் வழி இது.

முதலில் இடத்தைச் சுருக்குங்கள். நாகூரிலிருந்து கோடியக்கரை வரை மொத்தக் கரையையும் அள்ள வேண்டாம், ஒரு மீனவக் குப்பம் போதும். செருதூருக்கும் காமேஸ்வரத்துக்கும் நடுவே ஓர் ஊரைக் கற்பனையாக வைத்துப் பெயரையும் நீங்களே சூட்டுங்கள். உண்மையான ஊரின் தலையில் கொலைப்பழி சுமத்தக்கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆறாயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டம் இது. சுனாமியை மர்மத்துக்கு முடிச்சாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, உடல் கரை ஒதுங்கியபின் நடப்பதை வரிசை பிசகாமல் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் வந்ததும் காவல் நிலையத்தில் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 174-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. நிர்வாக நடுவருக்குத் தெரிவித்துவிட்டு, அக்கம்பக்கத்தார் இருவராவது உடனிருக்க, காவல் அதிகாரி காயங்களைக் குறித்து, சாவுக்குக் காரணமாகத் தெரிவதை அறிக்கையாக எழுத வேண்டும். பிறகு உடற்கூறாய்வு. உயிரோடு விழுந்து மூழ்கினாரா, கொன்றபின் கடலில் போட்டார்களா என்று அறிய மருத்துவர் நுரையீரலைப் பார்ப்பார். எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்னும் நுண்பாசி இருக்கிறதா என்று ஆய்வகம் தேடும். இதையெல்லாம் எந்த எழுத்தாளரும் கேட்டு எழுதிவிடலாம். அறிக்கையில் கையெழுத்துப் போடும் அந்த இருவர் யார், அவர்களை அனுப்பியவர் யார் என்பதில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

ஏனென்றால் கரையில் அதிகாரம் ஒரு கையில் இல்லை. உள்ளூர் காவல் நிலையம், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அதற்கு அப்பால் இந்தியக் கடலோரக் காவல்படை. இவர்களுக்கெல்லாம் முன்பே ஊர்ப் பஞ்சாயத்து உட்கார்ந்திருக்கும். வரி போடுவதும், திருவிழா நடத்துவதும், அபராதம் விதிப்பதும், தொழிலுக்குப் போகாதே என்று தடுப்பதும் அதன் கையில். பஞ்சாயத்தாரை வில்லனாக்குவது சுலபம், அதைச் செய்யாதீர்கள். பசி நாளில் ஊரைக் கட்டிக் காத்ததும் அவர்கள்தாம். நவாஹோ நிலத்திலும் இதே சிக்கல் உண்டு. 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே கொலை வழக்கு கூட்டரசின் எஃப்.பி.ஐ. கைக்குப் போகும், ஆனால் ஊரை அறிந்தவர்கள் பழங்குடிக் காவலர்கள். அந்த இடைவெளியில்தான் ஹில்லர்மேன் கதை நடத்தினார்.

இனி துப்பு. இதற்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது கரையோர நீரோட்டம் பெரும்பாலும் தெற்கே ஓடும். மாசி, பங்குனியில் வடக்கே திரும்பிவிடும். ஆகவே கார்த்திகையில் நாகைத் துறைமுக வாயிலில் விழுந்தவர் வேளாங்கண்ணிப் பக்கம் ஒதுங்கினால் இயல்பு, நாகூரில் ஒதுங்கினால் கேள்வி எழ வேண்டும். உள்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு அது உறைக்காது. மணலில் உட்கார்ந்து வலை பிரிக்கும் பெரியவருக்கு உடலைப் பார்த்த கணமே உறைத்துவிடும். அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் உங்கள் நாவல்.

காலத்தையும் துப்பாக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், பழுது பார்த்து வர்ணம் பூசுவார்கள். அந்த நாளில் ஒரு விசைப்படகு இரவோடிரவாகப் போய்வந்தால் டீசல், ஐஸ், ஆள் மூன்றும் யாராவது ஒருவர் கணக்கில் விழுந்தே தீரும். உடலே கிடைக்காத வழக்கும் உண்டு. ஏழு ஆண்டு தகவல் இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அதுவரை மனைவி எந்தக் கோலத்தில் இருப்பது, பிள்ளைகள் எந்தச் சடங்கைச் செய்வது? அந்த வீட்டுக்குள் போய் எழுதுங்கள்.

துப்பறிபவரைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். லீப்ஹார்ன் தர்க்கத்தை நம்புபவர். சீ காவல் பணியோடு நோய் தீர்க்கும் சடங்குப் பாடகராகவும் பயில்பவர். ஒரே வழக்கை இருவரும் இரு கண்ணால் பார்ப்பார்கள். உங்களுக்குக் கூடை சுமந்து மீன் விற்ற தாயின் மகளான ஒரு சார்பு ஆய்வாளர் கிடைக்கட்டும். சீருடையில் அவரை ‘மேடம்’ என்று அழைக்கும் பெரியவர், வீட்டுத் திண்ணையில் ‘வா பாப்பா’ என்பார். அந்தச் சார்பு ஆய்வாளருக்கு இரண்டு அழைப்புக்கும் உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம்.

முடிவில் கொலையாளியின் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடிவிடாதீர்கள். 1968 டிசம்பர் 25 இரவு, இதே மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி கேட்ட உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். மேல்முறையீட்டில் நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. யார் செய்தது என்று தெரிவதும் நீதி கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை அறிந்த வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அவர்களை ஏமாற்றாதீர்கள்.

எழுதி முடித்ததும் பதிப்பகத்துக்கு அனுப்புமுன் குப்பத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். காற்றின் பெயர் தவறு என்பார்கள், எங்கள் வீட்டுப் பெண் இப்படிப் பேசமாட்டாள் என்பார்கள். சொன்னதையெல்லாம் திருத்துங்கள். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் ஏற்பதே பெரிது. ஹில்லர்மேனை நவாஹோ மக்கள் 1987-இல் தங்கள் தனி நண்பர் என்று விருது கொடுத்துக் கௌரவித்தார்கள்.