ஒரே சொல்லுக்கு 645 பொருள்!

"ரன்" என்றால் என்ன?

"ஓடு" என்று இரண்டாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அவன் சொல்வது சரிதான். ஆனால் அது 645 பொருள்களில் ஒன்று!

ஆக்ஸ்போர்டு பேரகராதிதான் இந்தக் கணக்கைச் சொல்கிறது. 1989-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் "செட்" என்ற சொல் முதல் இடத்தில் இருந்தது. அதற்குச் சுமார் 430 பொருள். பிறகு "ரன்" முந்திவிட்டது. அதன் பொருள்களைத் திரட்டி எழுத, அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு 9 மாதம் பிடித்தது. ஒரு சொல்லுக்கு!

ஏன் இப்படிப் பெருகியது? இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம். ரெயில், கடிகாரம், மில், மோட்டார் எல்லாமே ஆங்கிலேயருக்கு "ரன்"தான். கம்ப்யூட்டரும் இப்போது சேர்ந்துகொண்டது.

தமிழ் மட்டும் சளைத்ததா? நமக்கும் கடிகாரம் ஓடுகிறது. சினிமா 100 நாள் ஓடுகிறது. "பிழைப்பு எப்படியோ ஓடுகிறது" என்கிறோம்.

ஆனால் எல்லா இடத்திலும் இது ஒத்துவராது. நாம் பள்ளிக்கூடம் "நடத்துகிறோம்". அவர்கள் "ஓட்டுகிறார்கள்". சளி பிடித்தால் நமக்கு மூக்கு ஒழுகும், அவர்களுக்கு "ஓடும்". தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் "ஓடுகிறார்". இங்கிலாந்தில் "நிற்கிறார்". நம் ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார். (ஜெயித்தபின் ஓடுவது வேறு கதை!)

வால் முளைத்தால்...

"ரன்" என்பதற்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து.

கிரிக்கெட்டில் "ரன் அவுட்" என்றால் ஆட்டக்காரர் வெளியே போகவேண்டும். கடையில் சொன்னால், சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

லண்டனில் மகன் வீட்டுக்குப் போன ஒரு தாய், காய்ச்சல்கண்ட பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக் கடையில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "ரன் அவுட்" என்கிறார். யாரோ மருந்து வாங்க வெளியே ஓடியிருக்கிறார்கள் என்று அவள் காத்திருந்தால்? அடுத்த கடையும் அடைத்துவிடும்!

"ரன் இன்டு" இன்னும் வேடிக்கை. அதற்கு "மோதினேன்" என்றும் பொருள். "தற்செயலாகச் சந்தித்தேன்" என்றும் பொருள். "நேற்று காரில் போகும்போது வாத்தியாரை ரன் இன்டு" என்று மகன் எழுதினால் பதறவேண்டாம். அடுத்த வரியைப் படியுங்கள். "இருவரும் காப்பி சாப்பிட்டோம்" என்று இருந்தால் வாத்தியாருக்கு ஒன்றும் ஆகவில்லை.