பிரேக் உதறினால் காலை எடுக்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போகிற ரோடுகளில் கவனமாகத்தான் ஓட்ட வேண்டும். புஞ்சையிலிருந்து ஏறும் டிராக்டர், டயரில் அப்பிய கரிசலைத் தார் ரோட்டில் உதிர்த்துக்கொண்டே போகும். ஒரு தூறல் போதும், அந்த மண் பசையாகிவிடும். குறுக்கே ஆட்டு மந்தை வருகிறது. கார்க்காரர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். கர்ர்ரென்று ஒரு சத்தம். பெடல் படபடவென்று உதறி, பாதத்தைத் திருப்பித் தள்ளுகிறது. மறுநாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

பெரும்பாலும் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அது ஏ.பி.எஸ். வேலை செய்த சத்தம். சக்கரங்களின் வேகத்தைச் சென்சார்கள் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. வண்டி ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று நின்றுவிடப் பார்த்தால், அதற்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு குறைக்கும். உருளத் தொடங்கியதும் மறுபடி ஏற்றும். நொடிக்குப் பலமுறை இது நடக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் காலுக்குத் தெரிகிறது. காதுக்கு வருவது, ஆயிலைத் திருப்பித் தள்ளும் பம்ப்பின் இரைச்சல். சக்கரம் உருளும் வரைதான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். பூட்டிக்கொண்டால், எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி போன போக்கிலேயே வழுக்கும்.

பாஷ் நிறுவனம் 1978-இல் பென்ஸ் காரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். ஆனால், ஓட்டுகிறவரின் கால் பழைய கால். “ஈர ரோட்டில் விட்டு விட்டு மிதி” என்று அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தது அன்றைக்குச் சரி. இன்று அந்த வேலையை வண்டியே செய்கிறது. உதறலுக்குப் பயந்து காலைத் தூக்கினால், தேவையான நேரத்தில் பிரேக் இல்லாமல் போகும். அழுத்திய கால் அழுத்தியபடி இருக்கட்டும். கண் போக வேண்டிய வழியைப் பார்க்கட்டும்.

மழைதான் வேண்டும் என்றில்லை. உளுந்துச் செடியையும் கம்பங்கதிரையும் ரோட்டில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிபட விடுவது நம் பக்கத்து வழக்கம். அதன்மேல் லேசாக மிதித்தாலே பெடல் உதறலாம். சரளையில் இன்னொரு சங்கதி: பூட்டிய சக்கரம் கல்லை முன்னால் குவித்து நிற்கும், உருளும் சக்கரத்துக்கு அந்த அணை கிடையாது. அங்கே ஏ.பி.எஸ். வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கலாம்.

காலையில் கிளம்பிக் கொஞ்சம் நகர்ந்ததும் முன்பக்கம் ‘டொக்’கென்று ஒரு சத்தமோ சின்ன முனகலோ வந்தால், அது பல வண்டிகள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் சத்தம். சாவியைத் திருப்பியதும் எரியும் மஞ்சள் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதா பிரேக் பிடிக்கும், ஏ.பி.எஸ். இருக்காது, சென்சாரில் அப்பிய சேறுகூடக் காரணமாகலாம். காய்ந்த ரோட்டில் மெதுவாக மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு உரசும் சத்தம் என்றால் பேடு தேய்ந்திருக்கும்.

டூவீலரில் 125 சிசி-க்கு மேற்பட்டவற்றுக்குத்தான் 2019-இல் ஏ.பி.எஸ். கட்டாயமானது. கிராமத்துப் பைக்குகளில் பாதிக்கு மேல் அதற்குக் கீழேதான். காரில் அழுத்திப் பிடிக்கப் பழகிய அதே ஆள், மறுநாள் 100 சிசி வண்டியில் புஞ்சைக்குப் போகும்போது கரிசல் சேற்றில் பின்பிரேக்கை அப்படி அமுக்கினால், வண்டி வாலை வீசிப் படுத்துவிடும்.