மோகன் பகானின் இரட்டை மகுடம்: சரிவில் தொடங்கிய சீசன் சாதனையில் முடிந்தது எப்படி?

கொல்கத்தா: இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துப் போட்டியின் 2024-25 சீசனில் லீக் ஷீல்டு, ஐஎஸ்எல் கோப்பை ஆகிய இரண்டையும் வென்று மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் அணி வரலாறு படைத்துள்ளது. 24 லீக் ஆட்டங்களில் 56 புள்ளிகள் பெற்ற அந்த அணி, ஐஎஸ்எல் வரலாற்றில் 50 புள்ளிகளைக் கடந்த முதல் அணி என்ற பெருமையையும், லீக் ஷீல்டைத் தொடர்ந்து இரண்டாவது முறையாக வென்ற முதல் அணி என்ற பெருமையையும் பெற்றது. ஆனால், இந்த சீசனின் முதல் சில வாரங்களைப் பார்த்தவர்கள் இப்படியொரு முடிவை எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஷீல்டுக்கும் கோப்பைக்கும் என்ன வேறுபாடு?

ஐஎஸ்எல் போட்டியின் 2024-25 சீசனில் 13 அணிகளும் மற்ற ஒவ்வோர் அணியுடனும் சொந்த மண்ணிலும் எதிரணியின் மண்ணிலுமாக இரு முறை மோதின. 24 ஆட்டங்களின் முடிவில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற அணிக்கு லீக் ஷீல்டு வழங்கப்பட்டது. அதன் பிறகு முதல் ஆறு அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்கு முன்னேறின. முதல் இரு அணிகள் நேரடியாக அரையிறுதிக்குச் செல்ல, மற்ற நான்கும் நாக்-அவுட் ஆட்டங்களில் மோதின. இறுதி ஆட்டத்தில் வென்ற அணிக்கே ஐஎஸ்எல் கோப்பை கிடைத்தது.

ஷீல்டு மாதக்கணக்கில் தளராமல் ஆடும் அணிக்கு உரியது. கோப்பையோ ஓர் இரவில் கைநழுவிவிடக் கூடியது. இந்த வேதனையை மோகன் பகான் முந்தைய சீசனிலேயே உணர்ந்திருந்தது. 2024 ஏப்ரலில் ஷீல்டை வென்ற அந்த அணி, மே 4-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் சொந்த ரசிகர்கள் முன்னிலையில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் மும்பை சிட்டியிடம் 1-3 எனத் தோற்றது. ஒரே சீசனில் இரண்டையும் வென்ற அணியாக, 2020-21 சீசனில் சாதித்த மும்பை சிட்டி மட்டுமே அதுவரை இருந்தது.

தடுமாற்றமான தொடக்கம்

புதிய பயிற்சியாளராக ஸ்பெயினைச் சேர்ந்த ஹோஸே மோலினா பொறுப்பேற்றார். 2016-ஆம் ஆண்டு அட்லெடிகோ டி கொல்கத்தா அணிக்கு ஐஎஸ்எல் கோப்பையை வென்று தந்தவர் அவர். எனினும், அவரது தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நடைபெற்ற டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு எதிராக 2-0 என முன்னிலை பெற்றிருந்த மோகன் பகான், ஆட்டம் 2-2 எனச் சமநிலையானதை அடுத்து பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது.

ஐஎஸ்எல் தொடக்க ஆட்டத்திலும் அதே கதைதான். மும்பை சிட்டிக்கு எதிரான 2-0 முன்னிலை 2-2 என டிராவில் முடிந்தது. அடுத்து நார்த் ஈஸ்ட் அணியை 3-2 என வென்றாலும், பெங்களூரில் 0-3 எனத் தோல்வி கண்டது. முதல் மூன்று ஆட்டங்களில் மட்டும் மோகன் பகான் விட்டுக்கொடுத்த கோல்கள் 7.

திருப்பம் தந்த தற்காப்பு

இந்த சீசனின் கதையே அதன் பிறகுதான் தொடங்குகிறது. எஞ்சிய 21 லீக் ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது 9 கோல்கள் மட்டுமே. கோல்கீப்பர் விஷால் கைத், மொத்தம் 15 லீக் ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோல்கூட விடாமல் பார்த்துக்கொண்டு, சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றார். புதிதாகச் சேர்க்கப்பட்ட டாம் ஆல்ட்ரெட், ஆல்பெர்டோ ரோட்ரிகஸ் இருவரும் தற்காப்பின் மையத்தில் அரணாக நின்றனர்.

தடுப்பாட்டக்காரர்கள் கோல் அடிப்பதிலும் பங்களித்ததே மோகன் பகானின் தனிச்சிறப்பு. கார்னர், ஃப்ரீ கிக் வாய்ப்புகளின்போது முன்னேறிச் சென்று கோலடிப்பதை அந்த அணி பெரும் ஆயுதமாக மாற்றிக்கொண்டது. இடதுபுறத் தடுப்பாட்டக்காரரான அணித்தலைவர் சுபாசிஷ் போஸ் 6 கோல்கள் அடித்தார். பின்னர், அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதுக்கும் அவர் தேர்வு செய்யப்பட்டார்.

முன்களத்தில் ஆஸ்திரேலிய லீக் வரலாற்றில் அதிக கோல்கள் அடித்தவரான ஜேமி மெக்லாரனும், சக நாட்டவர் ஜேசன் கம்மிங்ஸும் இருந்தனர். பக்கவாட்டுகளில் மன்வீர் சிங், லிஸ்டன் கொலாசோ ஆகியோரின் வேகம் அவர்களுக்குத் துணை நின்றது. மொத்தம் 47 கோல்கள் அடித்த அந்த அணி, இரண்டே ஆட்டங்களில்தான் கோல் அடிக்கத் தவறியது. ஒன்று பெங்களூரில் கண்ட தோல்வி. மற்றொன்று சென்னையில் சென்னையின் எஃப்சி அணியுடன் 0-0 என முடிந்த டிரா.

சொந்த மண்ணில் 12 ஆட்டங்களில் 11 வெற்றி, ஒரு டிரா எனத் தோல்வியே காணவில்லை. இவற்றில் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு எதிரான ஜனவரி மாத ஆட்டம், கங்காசாகர் மேளா பாதுகாப்புப் பணி காரணமாக குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டது. அதிலும் மெக்லாரன் இரண்டாவது நிமிடத்திலேயே அடித்த கோல் வெற்றியைத் தந்தது. கொல்கத்தாவின் மற்ற இரு அணிகளான ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஆகியவற்றுடன் மோதிய நான்கு லீக் ஆட்டங்களிலும் வென்ற மோகன் பகான், ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசி நிமிடங்களில் கிடைத்த வெற்றிகள்

2025 பிப்ரவரி 23-ஆம் தேதி ஒடிசா எஃப்சி அணிக்கு எதிராக, 90 நிமிடங்கள் முடிந்து காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் திமித்ரி பெட்ராடோஸ் அடித்த ஒரே கோல், இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே ஷீல்டை உறுதி செய்தது. இறுதியில், இரண்டாமிடம் பிடித்த எஃப்சி கோவாவைவிட 8 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று லீக் சுற்றை நிறைவு செய்தது.

பிளே-ஆஃப் சுற்று மீண்டும் பழைய அச்சத்தைக் கிளப்பியது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரிடம் 1-2 எனத் தோற்ற மோகன் பகான், கொல்கத்தாவில் நடைபெற்ற இரண்டாவது ஆட்டத்தில் 2-0 என வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் அபுயா அடித்த கோலால், மொத்தம் 3-2 என்ற கணக்கில் இறுதிக்கு முன்னேறியது.

ஏப்ரல் 12-ஆம் தேதி அதே சால்ட் லேக் மைதானத்தில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் எதிரணி பெங்களூரு எஃப்சி. சீசன் முழுவதும் அரணாக நின்ற ஆல்பெர்டோ ரோட்ரிகஸ் 49-ஆவது நிமிடத்தில் சுயகோல் அடிக்க, மைதானம் மௌனமானது. 72-ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை கம்மிங்ஸ் கோலாக்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் செல்ல, 96-ஆவது நிமிடத்தில் மெக்லாரன் வெற்றி கோலை அடித்தார். ஓராண்டுக்கு முன் இழந்த கோப்பை 2-1 என்ற வெற்றியுடன் அதே மண்ணில் திரும்பக் கிடைத்தது.

எஞ்சி நிற்கும் கேள்வி

உள்நாட்டில் இவ்வளவு ஆதிக்கம் செலுத்திய அணியால் ஆசிய அளவில் ஓர் ஆட்டத்தின் முடிவைக்கூடக் கணக்கில் காட்ட இயலவில்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ போட்டியில் தஜிகிஸ்தானின் ரவ்ஷான் அணியுடன் கொல்கத்தாவில் 0-0 என டிரா செய்த மோகன் பகான், அக்டோபர் 2-ஆம் தேதி ஈரானில் டிராக்டர் அணியுடன் மோதவிருந்தது. அங்கு நிலவிய போர்ப் பதற்றத்தால், பாதுகாப்பைக் காரணம் காட்டி அணி பயணிக்கவில்லை. இதையடுத்து, மோகன் பகான் போட்டியிலிருந்து விலகியதாக ஆசிய கால்பந்து கூட்டமைப்பு அறிவித்தது. அந்த டிராவும் செல்லாததானது.

கோப்பையை வென்ற கையோடு சூப்பர் கோப்பைப் போட்டியில் பெரும்பாலும் இளம் வீரர்களைக் களமிறக்கிய மோகன் பகான், அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 1-3 எனத் தோற்றது. முன்னணி வீரர்கள் ஓய்வில் இருந்த நிலையில், அது பெரிய பின்னடைவாகக் கருதப்படவில்லை.

1889-இல் தொடங்கப்பட்டு, 1911-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்டை வென்றதன் மூலம் தேசிய உணர்வின் அடையாளமாக மாறிய கிளப் இது. லீக் ஷீல்டு வெற்றியால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ போட்டியில் விளையாட மீண்டும் வாய்ப்பு கிடைத்தது. சரிந்த தற்காப்பைச் சில வாரங்களில் சீரமைத்த இந்த அணிக்கு, அந்த சீசனின் முடிவில் உள்நாட்டில் நிரூபிக்க அதிகம் இருக்கவில்லை. அடுத்த சோதனை ஆசியாவில்தான் காத்திருந்தது.