விரல் உடைந்த பாதம்

மலைநாட்டுத் தெய்வங்கள் – 9

இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதை, அட்டன் பக்கத்துப் பாதையைக் காட்டிலும் நீண்டது, கடினமானது. ஆயினும் மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்தில், சபரகமுவத் தோட்டத்து ஜனங்களில் பலர் இந்த வழியாகவே ஏறுகிறார்கள்.

இத்தனை பிரயாசைப்பட்டு 2,243 மீட்டர் உயரத்தில் அவர்கள் தரிசிப்பது பாறையில் ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள ஒரு பள்ளத்தைத்தான். சைவர்கள் சிவபெருமானுடையது என்றும், பௌத்தர்கள் புத்தபகவானுடையது என்றும், இஸ்லாமியர்கள் ஆதி பிதாவான ஆதமுடையது என்றும் போற்றும் அந்தப் பாதத்தை, 1344-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு ஏறிச்சென்று கண்ட இப்னு பதூதா, அதன் நீளம் 11 சாண் என்று எழுதியதோடு நில்லாமல், முற்காலத்தில் சீனர்கள் வந்து அதன் பெருவிரலையும் அதை ஒட்டிய பாகத்தையும் பெயர்த்துத் தங்கள் நாட்டு சைத்தூன் பட்டணத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் குறித்துவைத்தார். இந்தச் செய்தி மெய்யோ பொய்யோ, அது கிடக்கட்டும். என்னை ஆச்சரியப்படுத்துவது வேறு: பாதம் பின்னமானது என்று கேள்விப்பட்டும் எந்த மதத்தாரும் மலையேறுவதை நிறுத்தவில்லை. பின்னமான விக்கிரகத்துக்குப் பூஜை கூடாதென்பது சாஸ்திரம். இங்கோ, விரல் போன பின்பும் கல்லில் பொன்னும் முத்தும் வைத்து வணங்கினார்கள் என்று அதே யாத்திரிகர் சொல்கிறார்.

பக்தி கண்ணை மறைக்கிறது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். ஆனால் கண்ணுக்கு மாத்திரம் வேலை கொடுத்துப் பிழைத்த அடிவாரத்து மாணிக்க வியாபாரிகளின் கதை என்ன? ஆற்றிலே பால் கலங்கினாற்போல மங்கலாகக் கிடைத்த கெவுடாக் கற்களைத் தலைமுறை தலைமுறையாக உதவாதவை என்று ஒதுக்கிவந்தார்கள். 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச்சென்று உலையில் காய்ச்சியபோது, மங்கலுக்குக் காரணமாயிருந்த டைட்டேனிய ஊசிகள் கரைந்து கல்லோடு கலக்க, கறையாக இருந்த அந்தப் பொருளே நீலநிறமாயிற்று. மாசற்ற கல்லையே தேடித் தேர்ந்த கண்கள் அத்தனை காலமும் நீலத்தைக் கையில் வைத்துக்கொண்டே எறிந்திருக்கின்றன!

தோட்டத்து ஜனங்களுக்குத் தேர்வு செய்யும் வசதி இருந்ததில்லை. மரத்தடியில் நட்ட உளிபடாத கல் அவர்களுக்கு முனியாண்டி. கவ்வாத்துத் தொடங்குமுன் கத்தியை வைத்துக் கும்பிடப்படுவது கவ்வாத்துச் சாமி. தேயிலை ஸ்டோரில் சுழலும் சக்கரமே ரோதை முனி. கையை இழுத்துக்கொள்ளவும் வல்லது, கொழுந்தைத் தூளாக்கி அன்றைய சோற்றுக்கு வழிசெய்யவும் வல்லது. அப்படிப்பட்ட ஒன்றைக் கும்பிடாமல் வேறு எதைக் கும்பிடுவது? இதைப் பாமரத்தனம் என்று கேலி செய்த கல்விமான்களை நான் அறிவேன். அவர்களில் எவரும் அந்தச் சக்கரத்துக்கு அருகில் நின்று ஒரு முழு நாள் வேலை செய்தவரல்லர்.

இன்று தோட்டங்கள் பலவற்றில் ஆகம முறைப்படி கோயில் எழும்பி, தமிழகத்துச் சிற்பிகள் செய்த அழகிய திருவுருவங்கள் எழுந்தருளியிருக்கின்றன. வரவேற்க வேண்டியதே, தங்கள் தெய்வம் மற்றவர் தெய்வத்துக்குக் குறைந்ததன்று என்று காட்ட விரும்பும் ஜனங்களின் மானத்தை நாம் எப்படிக் குறைசொல்வது? ஆயினும் மூக்கும் விழியும் திருத்தமாக அமைந்த மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம் நிச்சயித்தவுடனே, பழைய கல்லை எங்கே வைப்பது என்று கோயில் கமிட்டியில் எழும் விவாதம் சாமானியமாக முடிவதில்லை. ஆற்றில் விட்டுவிடலாம் என்று இளைஞர்களும், மழைக்கும் மண்சரிவுக்கும் நம்மைக் காத்தது அதுதானே என்று கிழவிகளும் வாதாடுவார்கள். நான் கிழவிகள் கட்சி.

(அடுத்த வாரம்: காமன் கூத்து)