ஊடுருவும் ஒளி – 14: நிழல் விழாத வேர்க்கடலை

1895-இல் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும், அடுத்த சில மாதங்களிலேயே உடம்புக்குள் புதைந்த ஊசிகளையும் குண்டுகளையும் தேடி டாக்டர்கள் கிளம்பியதும் போன வாரக் கதை. இந்த வாரம் சி.டி. ஸ்கேனுக்குப் போவதாக இருந்தது. நடுவில் ஃபிலடெல்ஃபியா அலமாரி ஒன்று வழிமறிக்கிறது.

அங்குள்ள மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்த அலமாரி. ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்தால் ஊக்கு, பட்டன், ஆணி, நாணயம், எலும்புத் துண்டு. விரல் நுனியளவு பொம்மை பைனாகுலர். ஒரு நாள்கூட லீவு போடாத மாணவருக்குப் பள்ளி தந்த பேட்ஜ்! மொத்தம் 2,374 பொருட்கள். எல்லாமே மனிதர்கள் விழுங்கியவை அல்லது மூச்சோடு உள்ளே இழுத்தவை. சேர்த்தவர் டாக்டர் செவாலியர் ஜாக்சன் (1865–1958). செவாலியர் என்பது பட்டமல்ல, பெற்றோர் வைத்த பெயர். வெளியே எடுத்த பொருளைச் சொந்தக்காரரிடம் திருப்பித் தர அவருக்கு மனமே வராது. நோயாளியின் விவரத்தோடு அதைப் பத்திரப்படுத்திவிடுவார். 1924-இல் அத்தனையையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

ஊக்கும் ஆணியும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ஜாக்சனைப் படுத்தியது வேர்க்கடலை. பிலிமில் அது தெரிவதே இல்லை. ஆனால் மூச்சுக்குழாயில் உட்கார்ந்துகொண்டு சுவரை வீங்கவைத்து, சளியும் காய்ச்சலும் கிளப்பும். அந்த அழற்சிக்கு அவர் தனிப்பெயரே சூட்டினார்.

தெரியாத கடலையை எப்படிப் பிடிப்பது? வியன்னாவின் எக்ஸ்ரே டாக்டர் கைடோ ஹோல்ட்ஸ்நெக்ட் 1899-லேயே வழிகாட்டியிருந்தார்: மூச்சுக்குழாய் அடைபட்டவருக்கு, மூச்சு விடும்போதும் இழுக்கும்போதும் இதயமும் நெஞ்சின் நடுப்பகுதியும் பக்கவாட்டில் நகர்கின்றன. (பிற்பாடு அதே கதிர்கள் அவருடைய வலது கையைப் பறித்தன, 1931-இல் உயிரையும்.)

இதயம் நகர்வதற்குக் காரணம் எளிது. மூச்சை இழுக்கும்போது குழாய் சற்று விரிகிறது; கடலையைச் சுற்றிக் காற்று உள்ளே போய்விடும். விடும்போது குழாய் சுருங்கிக் கடலையைக் கவ்விக்கொள்ள, போன காற்று வெளியே வர வழியில்லை. சைக்கிள் டியூப் வால்வு மாதிரிதான். அதனால் மூச்சை இழுத்த நிலையில் எடுத்த பிலிமில் இரண்டு நுரையீரலும் சாதாரணமாகத் தெரியலாம். மூச்சை விட்ட நிலையில் எடுத்ததில் ஒன்று சுருங்கி வெளுத்திருக்க, மற்றது உப்பிக் கருத்தபடியே நிற்கும். இதயம் எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருக்கும். இரண்டு பிலிமையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் திருடன் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஒன்றரை வயதுக் குழந்தையிடம் "மூச்சை விட்டுப் பிடி" என்று சொல்லிப் பாருங்கள்! அதனால் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படமெடுப்பதும் உண்டு. அடியில் இருக்கும் நுரையீரல் உடல் பாரத்தில் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எக்ஸ்ரே 'நார்மல்' என்று வருவதும் உண்டு. முதல் இருமல் அடங்கியபின் குழந்தை சில நாள் ஓடியாடி விளையாடும். பிறகு வரும் இழுப்பை ஆஸ்துமா என்று நினைத்து வைத்தியம் நடக்கும். ஆகவே அனுபவப்பட்ட டாக்டர் பிலிமைத் தூக்கிப் பார்க்கும் முன் அம்மாவிடம் கேட்பார்: "எதையாவது தின்னும்போது திடீரென்று புரையேறியதா?" ஆமாம் என்று பதில் வந்து சந்தேகம் பலமானால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப் குழாயைக் கையிலெடுப்பார்.

அந்தக் குழாயை விடாமலேயே மூச்சுக்குழாயின் உட்புறத்தைத் திரையில் சுற்றிக் காட்டும் சி.டி. ஸ்கேன், அடுத்த இதழில் நிச்சயம்.