இளஞ்சிவப்பின் இரகசியம்

சமைத்த ஆட்டிறைச்சி பழுப்பாக மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சிகள் பெரும்பாலும் வெந்த பின்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கின்றன. ஏன்?

விடை, அவற்றில் சேர்க்கப்படும் நைட்ரைட் என்னும் உப்பில் இருக்கிறது. அதிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு, தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் நிறமியுடன் இணைகிறது. அதனால்தான் சூடேற்றினாலும் சிவப்பு மறைவதில்லை.

நிறத்திற்காக மட்டுமா இதைச் சேர்க்கிறார்கள்? இல்லை. இறைச்சியில் சாதாரண உப்பைத் தடவினால், சவ்வூடு பரவலால் நுண்ணுயிர்களின் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. அவை பெருக முடிவதில்லை. நம் ஊர் உப்புக்கண்டமும் கருவாடும் கெடாமலிருக்க உப்பும் வெயிலும் இவ்வாறே உதவுகின்றன. ஆனால் காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் பாக்டீரியா ஒன்று உண்டு. 1820களில் ஜெர்மானிய மருத்துவர் ஜஸ்டினஸ் கெர்னர், சாசேஜ் உண்டு பலர் நஞ்சேறி இறந்ததை ஆராய்ந்தார். இலத்தீனில் 'பாட்டுலஸ்' என்றால் சாசேஜ். அதையொட்டியே இந்தப் பாக்டீரியா 'பாட்டுலினம்' எனப் பெயர் பெற்றது. அதன் வளர்ச்சியை நைட்ரைட் தடுக்கிறது.

நன்மை செய்யும் இதே நைட்ரைட்டுக்கு மறுபக்கமும் உண்டு. அது அமீன்களுடன் வினைபுரிந்து நைட்ரோசமைன்களைத் தரக்கூடும். அவற்றுள் பல புற்றுநோயைத் தூண்டுபவை. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அப்படியானால் இரண்டும் சமமான தீங்கா? அல்ல! பிரிவு காட்டுவது சான்றின் உறுதியை. ஆபத்தின் அளவை அன்று.

அளவை எப்படி அறிவது? நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றது அம்முகமை. 100 பேரில் 5 பேருக்கு இந்நோய் வரும் எனக் கொள்வோம். 5இல் 18 சதவீதம் 0.9. எனவே 5 என்பது 5.9 ஆகும், 23 ஆகாது. இது பீதி கொள்ளும் அளவன்று; ஆனால் புறக்கணிக்கும் அளவும் அன்று.

உப்பையும் கணக்கிடுங்கள். 100 கிராம் சாசேஜில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவே போதும்.

ஆகவே, இது என்றாவது ஒருநாள் உண்ணத்தக்கது, அன்றாட உணவன்று. புரதத்திற்கு முட்டை, மீன், பயறு இருக்கின்றனவே! அடுத்த முறை சாசேஜ் பொட்டலத்தைக் கண்டால் '250' என்னும் எண்ணைத் தேடிப் பாருங்கள். அது சோடியம் நைட்ரைட்டின் குறியீடு.