'அப்படி ஒருவர் இல்லை': என் இனிய இயந்திரா தொடருக்காக ஒரு வாதம்

தமிழில் வந்த நல்ல டிவி தொடர் எது என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் 'மர்மதேசம்'. நியாயமான பதில்தான், எனக்கும் பிடிக்கும். அதே மூச்சில் 'என் இனிய இயந்திரா' என்று சொல்லிப் பாருங்கள். "ஓ, அந்த ரோபோ நாய் சீரியலா!" என்று ஒரு சிரிப்பு வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

சுஜாதா எண்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை இது. பிறகு தூர்தர்ஷனில் ஆனந்த், சிவரஞ்சனி நடிக்கத் தொடராக வந்தது. இதை ரோபோ நாய்க் கதை என்று நினைவில் வைத்திருப்பது, திருக்குறளை பஸ்ஸில் எழுதிப் போடும் வாசகம் என்று நினைவில் வைத்திருப்பது மாதிரி. பொய்யில்லை, ஆனால் விஷயம் அதுவல்ல. என் கட்சி இதுதான்: ஒரு டேட்டாபேஸ் ஒரு மனிதனை என்ன செய்துவிட முடியும் என்பதை, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்கே கொண்டுவந்து காட்டிய தொடர் அது. இருபது வருடத்துக்கு மேல் டேட்டாபேஸோடு குப்பை கொட்டுகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன், அந்தப் பயம் சரியான பயம்.

(கதையை இதுவரை படிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். இனி முடிச்சை எல்லாம் அவிழ்க்கப் போகிறேன்.)

கதை என்ன?

2021-22ல் நடக்கிறது. நாட்டை ஆள்பவர் ஜீவா. எல்லாம் ஒழுங்கு, எல்லாம் கட்டுப்பாடு. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். நிலா, சிபி என்ற தம்பதிக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. வீட்டை ரவி என்பவனோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவனோடு வந்து சேர்வதுதான் ஜீனோ, பேசும் இயந்திர நாய்.

வெளியே போன சிபி திரும்பி வரவில்லை. நிலா தேடிப் போகிறாள். கம்ப்யூட்டர் சொல்கிறது: அப்படி ஒருவர் இல்லை.

'இறந்துவிட்டார்' என்றோ 'கைதாகிவிட்டார்' என்றோ சொல்லியிருந்தால் அழலாம், வக்கீல் பார்க்கலாம். 'இல்லை' என்றால் என்ன செய்வது? காலையில் காபி குடித்துவிட்டுப் போன புருஷனை அவன் மனைவியே நிரூபிக்க வேண்டும்.

ஒரு கொசுறு: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என்று முக்கியமான பெயர்கள் எல்லாம் இரண்டெழுத்து. ஃபீல்டு நீளம் குறைவு என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட அரசாங்கம் போல! (யூனிகோடில் 'நிலா' நான்கு குறியீடு எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கதை.)

மூடிய உலகம்

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம். டேட்டாபேஸ் தியரியில் 'மூடிய உலக அனுமானம்' என்று ஒன்று உண்டு. ரேமண்ட் ரைட்டர் என்பவர் 1978ல் அதை முறைப்படி எழுதிவைத்தார். சுருக்கமாக: பட்டியலில் இருப்பது உண்மை, பட்டியலில் இல்லாதது பொய்.

ரயில் சார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் உங்களுக்கு பெர்த் இல்லை. டிடிஇ ஊரெல்லாம் விசாரிக்க மாட்டார். அவர் செய்வது சரிதான். சார்ட் என்பதே அந்த ரயிலின் முழு உலகம். இந்த அனுமானத்தை வைத்துத்தான் பல கம்ப்யூட்டர் சிஸ்டங்கள் ஓடுகின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ரயிலுக்குப் பொருந்துவதை ஆளுக்குப் பொருத்தும்போது. "உன் பெயர் சார்ட்டில் இல்லை" என்பது வேறு. "உன் பெயர் சார்ட்டில் இல்லை, ஆகவே நீ பிறக்கவில்லை" என்பது வேறு. சிபிக்கு நடந்தது இரண்டாவது.

எங்கள் தொழிலில் அழிப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, பதிவை அப்படியே வைத்துக்கொண்டு 'செல்லாது' என்று கொடி போடுவது. யார், எப்போது, ஏன் என்று தடம் இருக்கும். இன்னொன்று, வரியையே தூக்கிவிடுவது. தடமும் போய்விட்டால், அழிக்கப்பட்டவனுக்கும் பிறக்காதவனுக்கும் சிஸ்டம் பார்வையில் வித்தியாசமே கிடையாது. ஜீவாவின் அரசாங்கம் இரண்டாவது வகை.

இது நடக்குமா?

நடந்தது. உத்தரப்பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்டத்து லால் பிஹாரி எழுபதுகளின் நடுவில் கடன் வாங்கப் போனபோது, வருவாய்த்துறைப் பதிவேட்டில் தான் செத்துப்போயிருப்பதைத் தெரிந்துகொண்டார். நிலத்துக்காகச் சொந்தக்காரர்கள் செய்த வேலை. அவர் தன் பெயரோடு 'மிருதக்', அதாவது செத்தவர், என்று சேர்த்துக்கொண்டார். தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார். இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே 1989ல் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். 1994ல்தான் மறுபடி 'பிழைத்தார்'. சுஜாதா விகடனில் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தபோது, லால் பிஹாரி பதிவேட்டில் செத்தவராகவே இருந்தார். அதற்குக் கம்ப்யூட்டர்கூடத் தேவைப்படவில்லை, பேனா போதுமாக இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிற என் அப்பாவை ஒரு வேலைக்காக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். எழுபது தாண்டிய விரல்கள், ரேகை தேய்ந்துவிட்டது. "மறுபடி வைங்க சார்", "அழுத்தி வைங்க சார்", "துடைச்சிட்டு வைங்க சார்". ஐந்து தடவை 'பொருந்தவில்லை' என்றே வந்தது. கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவர் பார்த்தது திரையை, அப்பாவை அல்ல. வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "ஏம்ப்பா, நான் நான்தானேன்னு அதுக்கு எப்படிச் சொல்றது?" நிலாவின் கேள்வியும் அதுதான்.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை, சோறு போடுவதே அதுதான். ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதை வீட்டிலிருந்தே பதிவுசெய்யும் 'ஜீவன் பிரமாண்' 2014ல் வந்தது, 2021ல் முகத்தை வைத்தும் செய்யலாம் என்றானது. நடக்க முடியாத பலருக்கு அது பெரிய நிம்மதி. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் நல்ல வடிவமைப்பு. நிலாவின் உலகத்தில் இல்லாதது அந்த இன்னொரு வழி.

ஜீவா யார்?

கதையின் பெரிய திருப்பம்: சர்வாதிகாரி ஜீவா ஆளே இல்லை, ஒரு ஹோலோகிராம். இருக்கிற சிபியை 'இல்லை' என்று சொன்ன அரசாங்கத்தின் தலைவர், இல்லாதவர். இரண்டு பக்கமும் ஒரே நாணயம். பதிவேடு வைத்ததுதான் உண்மை என்றாகிவிட்டால் இருப்பவரை இல்லாமல் செய்யலாம், இல்லாதவரை இருக்கவும் வைக்கலாம். இந்தச் சமன்பாட்டை இவ்வளவு எளிதாகச் சொன்ன வேறு தமிழ்த் தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.

2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் ஹோலோகிராமாகப் பேசினார். (கறாராகப் பார்த்தால் அது ஹோலோகிராம் அல்ல. சாய்ந்த பரப்பில் பிம்பத்தைப் பிரதிபலிக்கும் 'பெப்பரின் பேய்' என்ற 19ஆம் நூற்றாண்டு நாடக உத்தி.) அவராவது எங்கோ ஓர் இடத்தில் நிஜமாக இருந்தார். 2024ல் தமிழ்நாட்டில், மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவு உபயத்தில் திரையில் பேசினார். அடுத்த மாதமே மறைந்த ஜெயலலிதாவின் குரல் கட்சித் தொண்டர்களுக்கு வந்தது. கழகம் எதுவானாலும் ஜீவா தயார்!

'ஆர்வெல் காப்பி', 'மட்டமான செட்'

எதிர்க்கட்சியின் வாதங்களையும் பார்த்துவிடலாம்.

முதலாவது, இது ஆர்வெல்லின் '1984' தானே? சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆர்வெல்லின் வின்ஸ்டன் பதிவுகளைத் திருத்தும் வேலையில் இருப்பவன். நாம் அழிப்பவனின் மேஜையிலிருந்து பார்க்கிறோம். இங்கே பார்ப்பது அழிக்கப்பட்டவனின் மனைவி. கதை ஒரு வீட்டிலும், பதில் சொல்லாத ஒரு திரையிலும் ஆரம்பிக்கிறது. ரேஷன் கார்டுக்கு நடையாய் நடந்த யாருக்கும் இது புரியும். குழந்தைக்கு அனுமதி என்பதும் ஆர்வெல்லிடமிருந்து வரவேண்டியதில்லை. நம் எமர்ஜென்சி காலக் கட்டாயக் கருத்தடையும், அப்போது நடப்பிலிருந்த சீனாவின் ஒரு குழந்தைக் கொள்கையும் போதும்.

இரண்டாவது, தூர்தர்ஷன் பட்ஜெட். ஒப்புக்கொள்கிறேன். 2010ல் வந்த 'எந்திரன்' கிராபிக்ஸைப் பார்த்த கண்ணுக்கு எதுவும் ஈடாகாது. ஆனால் இந்தக் கதையின் மிகப் பயங்கரமான தருணத்துக்கு என்ன செலவு? ஒரு திரை, அதில் ஒரு வரி. விண்கலப் போர் கேட்கிற கதை என்றால் அட்டை செட் கொன்றுவிடும். இது கவுன்டர் கதை. கவுன்டருக்கு அட்டை செட் தாராளம்.

குரோம்பேட்டைக்காரர்

கடைசியாக, எழுதியவர். ஸ்ரீரங்கத்து எஸ். ரங்கராஜன் எலக்ட்ரானிக்ஸ் படித்தது இங்கே, குரோம்பேட்டை எம்ஐடியில். பிறகு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. ஒவ்வொரு ஆளையும் ஒன்று என்று எண்ணும் இயந்திரத்தில் வேலை செய்தவர், ஓர் ஆளை எண்ணாமல் விட்டுவிடும் இயந்திரத்தைப் பற்றியும் எழுதினார். எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. வாக்கு இயந்திரத்துக்கு, போட்ட ஓட்டைக் காகிதத்தில் காட்டும் விவிபேட்டை இணைத்து 2013ல் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இயந்திரம் சொல்வதை இயந்திரத்துக்கு வெளியே சரிபார்க்க ஒரு தடம் வேண்டும் என்பதுதான் அதன் தர்மம். சிபிக்கு அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் கதையே இல்லை.

'மர்மதேசம்' யூட்யூபுக்கு வந்தபிறகு அதற்குப் புது ரசிகர்கள் கிடைத்தார்கள். தூர்தர்ஷன் இதையும் முழுசாக, நல்ல பிரதியாக வெளியிடலாம். அதுவரை புத்தகம் கடைகளில் கிடைக்கிறது. வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு, ஜீனோவை எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சிக்கொள்ளுங்கள். ஆனால் யாராவது சாப்ட்வேர் ஆசாமி உங்களிடம் "சிஸ்டத்துல இல்ல சார்" என்று சொன்னால், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சரி, எதிர்ல நிக்கறேனே, அதை எங்கே பதிவு பண்றது?" அந்தக் கேள்விக்கு ஒரு பட்டன் வைத்திருக்கிற சிஸ்டம்தான் நல்ல சிஸ்டம்.